காயாத பூட்ஸ்

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினேன். தப்புச் செய்தது நானில்லை. பெர்பெத்தக்கா.

காலை பத்து மணி இருக்கும். இறால் உரிக்கும் மேசைக்கு அடியில் ஒரு காலைப் பூட்ஸிலிருந்து உருவி, இன்னொரு பூட்ஸின் விளிம்பில் வைத்துப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. அந்த நேரம் பார்த்துப் புரொடக்‌ஷன் மேனேஜர் ஞானதுரை சார் கண்ணாடிக்கு வெளியே நின்றார். நேரே என்னிடம்தான் வந்தார்.

"டெல்பின், இது எக்ஸ்போர்ட் கம்பெனியா, மீன் மார்க்கெட்டா? வெளிநாட்டுக்காரன் திங்கிற இறாலு. இங்க ஒருத்தி கால சொறிஞ்சுக்கிட்டு நிக்கா. நீ என்னத்த சூப்பர்வைஸ் பண்ணுத?"

என் லைனில் பதினெட்டுப் பெண்கள். பதினெட்டுப் பேரும் கை நிற்காமல் உரித்துக்கொண்டே கேட்டார்கள். பதினோரு வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன். இதே மேசையில் உரித்துத்தான் சூப்பர்வைசராக மேலே வந்தேன்.

அவர் போனதும் பெர்பெத்தக்காவிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "யக்கா, உங்களால எனக்குத்தான் அசிங்கம்" என்றேன்.

"உள்ள தீயா எரியுதுட்டி. விரலுக்கு எடையில தோலு வெள்ளவெளேர்னு ஊறிப் பிஞ்சு கெடக்கு. வேணும்னா வந்து பாரு."

"நான் என்ன டாக்டரா?"

சேற்றுப்புண்ணாம். தரை முழுக்க டைல்ஸ், ஒரு பொட்டுச் சேறு கிடையாது. இவர்களுக்கு மட்டும் எங்கிருந்து சேற்றுப்புண் வருகிறது? வீட்டில் காலை ஒழுங்காகக் கழுவினால்தானே.

வீட்டுக்கு வந்தால் குழாயில் தண்ணீர் இல்லை.

அக்டோபர் 17, வெள்ளி

ரெக்சிக்கும் வந்துவிட்டது. என் தங்கை. முப்பத்தொரு வயது. அம்மா போன பிறகு நானும் அவளும்தான் இந்த வீட்டில். ஆறு மாதத்துக்கு முன்பு நான்தான் சார் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு அவளை என் லைனில் சேர்த்தேன். இப்போது அவளும் சுவரோரம் நின்று காலைத் தேய்க்கிறாள். "எல்லாரும் பாக்காவ, நிறுத்து" என்றேன்.

சாயங்காலம் மெடிக்கலுக்குப் போனேன். "டாக்டர் சீட்டு எதுக்குக்கா? நாலு மருந்து கலந்த டியூப் இருக்கு. ரெண்டே நாள்ல அடங்கிரும்" என்றார் கடைக்காரர். வாங்கி வந்து ரெக்சிக்குப் போட்டுவிட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

ரெக்சிக்கு அரிப்பு சுத்தமாக நின்றுவிட்டது. இவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் என்ன ஆர்ப்பாட்டம்!

அக்டோபர் 21, செவ்வாய்

பன்னிரண்டு டியூப் வாங்கிப் போய் லைனில் கொடுத்தேன். பெர்பெத்தக்காகூட, "நீ நல்லா இருப்பட்டி" என்றார். ஞானதுரை சார், "இதுதான் சூப்பர்வைசர்" என்றார். ஒரு வாரம் கழித்தாவது என் அருமை தெரிந்ததே.

அக்டோபர் 27, திங்கள்

விடாத மழை. பஸ் இல்லை. நனைந்துகொண்டே போனேன்.

எங்களிடம் இரண்டு ஷிப்ட். காலை ஷிப்ட் கழற்றிப்போடும் பூட்ஸைத்தான் மாலை ஷிப்ட் மாட்ட வேண்டும். அவர்கள் கழற்றியதை மறுநாள் நாங்கள் மாட்ட வேண்டும். யாருக்கு எந்த ஜோடி என்று கிடையாது, அளவு சரியாக இருந்தால் போதும். உள்ளே நுழையும்போது குளோரின் தொட்டியில் காலை முக்கி நடக்க வேண்டும். உள்ளே நாள் முழுக்க ஐஸ் தண்ணீர். இதில் பூட்ஸ் எப்போது காயும்? இன்று மாலை ஷிப்ட் பெண் ஒருத்தி என்னிடம் வந்து சத்தம் போடுகிறாள், மழையை நான்தான் பெய்ய வைத்த மாதிரி.

பூட்ஸ் நோட்டில் 'கழுவி, மருந்து தெளித்து, காயவைக்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். துணி மடித்தேன். இட்லிக்கு ஊறப்போட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அம்மா கல்லறைக்குப் பூவும் மெழுகுவத்தியும் வைத்துவிட்டு வந்தோம். வந்ததும் ரெக்சி கேட்கிறாள், "யக்கா, வீட்டுக்குள்ளயும் எதுக்கு சாக்ஸு போட்டுருக்க?"

"குளிருது" என்றேன்.

"தூத்துக்குடியிலயா?"

அவளுக்கு வாய் அதிகமாகிவிட்டது.

நவம்பர் 5, புதன்

எல்லாருக்கும் திரும்பி வந்துவிட்டது. முன்பைவிட மோசம். விரலிடுக்கில் இருந்தது பாதத்தின் மேலேறிக் கணுக்கால்வரை வட்டம் வட்டமாகப் படர்ந்திருக்கிறது. பெர்பெத்தக்கா உடைமாற்றும் அறையில் எல்லார் நடுவிலும் நின்று, "நீ குடுத்த சவத்து மருந்துதான்" என்று கத்தினார். நன்றிகெட்ட ஜனங்கள். யார் இவர்களுக்கு வாங்கிக்கொடுக்கச் சொன்னது?

மெடிக்கலில் போய்ச் சண்டை போட்டேன். அந்த ஆள் சிரித்துக்கொண்டே, "இன்னும் பவரான டியூப் இருக்குக்கா" என்கிறான். கவுண்டரில் இருந்த பேனா ஸ்டாண்டைத் தட்டிவிட்டு வந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ரெக்சிக்குக் கொஞ்சம் காய்ச்சல். மாத்திரை கொடுத்தேன். நாளைக்கு கன்டெய்னர் ஏற்ற வேண்டும், ஆள் குறைவு. அவளும் வரவேண்டியதாகிவிட்டது.

நவம்பர் 11, செவ்வாய்

ஆஸ்பத்திரி வார்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று மதியம் மேசையைப் பிடித்துக்கொண்டே ரெக்சி சரிந்துவிட்டாள். பூட்ஸைக் கழற்ற முடியவில்லை, கால் அவ்வளவு வீங்கியிருந்தது. பெர்பெத்தக்கா இறால் வெட்டும் கத்தியாலேயே பூட்ஸைக் கிழித்தார். கணுக்காலிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை செக்கச்செவேலென்று இருந்தது. தொட்டால் அடுப்பு மாதிரிக் கொதித்தது. கம்பெனிப் பொருளைக் கிழித்ததற்கு யார் பொறுப்பு என்று ஸ்டோர்காரன் கேட்டான். அவனை அடிக்காமல் விட்டது என் பொறுமை.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் பர்வீன் என்று ஒரு சின்னப் பெண். சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று காலைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டார். "கோட்டைத் தாண்டிப் போனா உடனே சிஸ்டரக் கூப்பிடுங்க" என்றார். கிருமி ரத்தத்தில் ஏற ஆரம்பித்துவிட்டதாம்.

"சேத்துப்புண்ணுக்கு இப்படி எல்லாம் ஆகுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"பூஞ்சை விரலிடுக்குத் தோலை வெடிக்க வச்சிருச்சு. அந்த வெடிப்பு வழியா வேற கிருமி உள்ள போயிருக்கு. என்ன மருந்து போட்டீங்க?"

பையிலிருந்து டியூபை எடுத்துக் கொடுத்தேன். திருப்பிப் படித்தார். முகம் மாறியது.

"யார் இதை எழுதிக் குடுத்தா?"

"மெடிக்கல்ல."

"இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா. அரிப்பை அடக்கிடும். நீங்க சரியாப் போச்சுன்னு நினைப்பீங்க, பூஞ்சை உள்ள நல்லா வளரும். இதை எத்தனை பேர் போடுறாங்க?"

டியூபைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டேன். படுக்கையிலிருந்து ரெக்சி, "பன்னெண்டு பேரு" என்றாள்.

அதோடு விட்டாரா? என் காலைப் பார்த்தார். "நீங்களும் சாக்ஸைக் கழட்டுங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல."

"ஒரே வீட்டுல இருக்கீங்க. ஒரே பாத்ரூம். கழட்டுங்க, பாக்கலாம்."

வார்டில் நாற்பது பேர் பார்க்கிறார்கள். அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றது நின்றபடி இருக்கிறது. கழற்றினேன். பெருவிரல் நகம் இரண்டும் மஞ்சளாகத் தடித்துத் தூள்தூளாக உதிர்வது, விரலிடுக்கு, உள்ளங்கால் எல்லாவற்றையும் பார்த்தார்.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

ரெக்சி என்னைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நவம்பர் 13, வியாழன்

ரெக்சி காலில் சிவப்பு, பேனாக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஊசி தொடர்கிறது. ரெக்சி என்னோடு பேசவில்லை. கஞ்சி வேண்டுமா என்றால் தலையை மட்டும் ஆட்டுகிறாள்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். காலைக் கழுவினால் மட்டும் போதாது, ஒவ்வொரு விரலிடுக்கிலும் துணியை விட்டு ஈரம் ஒற்ற வேண்டும். ஆளுக்கொரு துண்டு. கால் துடைக்கும் துணியால் வேறு இடம் துடைக்கக் கூடாது. நைலான் வேண்டாம், பருத்தி சாக்ஸ், நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். சாக்ஸும் துண்டும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வேண்டும். ஸ்டீராய்டு கலக்காத கிரீம் காலை மாலை இரண்டு வேளை, புண்ணைச் சுற்றி நல்ல தோலிலும் கொஞ்சம் சேர்த்துப் போட வேண்டும். "போன மாதிரித் தெரிஞ்சதும் நிறுத்தாதீங்க. அதுக்கப்புறமும் ரெண்டு வாரம் போடணும். எல்லாரும் அங்கதான் கோட்டை விடுறாங்க." என் நகத்துக்குக் கிரீம் பத்தாது. ரத்தம் பார்த்துவிட்டு மாதக்கணக்கில் மாத்திரையாம்.

"எல்லாஞ்செய்யுதேன் டாக்டர். காலையில போய் ஊறுன பூட்ஸுக்குள்ளதான கால விடணும்? அதுக்கு என்ன மருந்து?" என்று கேட்டுவிட்டேன். கோபத்தில்தான் கேட்டேன்.

"அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. பூட்ஸ் காயணும். ஆளுக்குத் தனி ஜோடி, மாத்திப் போட இன்னொரு ஜோடி. அதை யாரு பாத்துக்கறாங்க உங்க கம்பெனியில?"

நான்தான் என்று சொல்லவில்லை.

நவம்பர் 17, திங்கள்

ரெக்சியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாத்திரை இன்னும் பத்து நாள். இரண்டு துண்டு புதிதாக வாங்கினேன். அவளுக்கு நீலம், எனக்குப் பச்சை. பழையதை வெந்நீரில் போட்டு அவித்து மிதியடியாக்கிவிட்டேன். வெயிலே இல்லை. சாக்ஸை அயர்ன் பாக்ஸ் வைத்துக் காயவைத்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

ஞானதுரை சார் ரூமுக்குக் கூப்பிட்டார். சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து 24ஆம் தேதி ஆடிட்டுக்கு வருகிறார்களாம். "கால்ல புண்ணு இருக்கவளுக லிஸ்ட் ஒண்ணு குடு. அன்னைக்கு அவளுக வரவேண்டாம்" என்றார்.

"சம்பளம் சார்?"

"வேல பாக்காம சம்பளமா?" பூட்ஸ் நோட்டையும் என் பக்கம் தள்ளினார். நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் காலியாகக் கிடந்தன. அங்கேயே நின்று டிக் போட்டுக் கையெழுத்திட்டேன்.

லிஸ்டில் பதினோரு பேர். பேர் எழுத எழுத யார் யார் எங்கே சொறிகிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

நவம்பர் 20, வியாழன்

லிஸ்ட் வெளியே தெரிந்துவிட்டது. உடைமாற்றும் அறையில் சுற்றி நின்றுகொண்டார்கள். பெர்பெத்தக்கா முன்னால்.

"பதினோரு பேரு இருக்கு. ஒம் பேரு எங்கட்டி?"

"எனக்கென்ன?"

"ஒனக்கென்னவா? எல்லாருக்கும் முன்ன வந்து, ஒளிஞ்சு நின்னு பூட்ஸ மாட்டுதியே, எதுக்கு? ஒந்தங்கச்சி பூட்ஸ நான்ல கிழிச்சுக் கால எடுத்தேன். நீ பாத்துக்கிட்டு நின்ன."

"வாய மூடுங்க. இல்லைன்னா சாருட்ட சொல்லிருவேன்."

"சொல்லு. வேற என்ன தெரியும் ஒனக்கு?"

அழக்கூடாது என்று குளிர்பதன அறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

வீட்டுக்கு வந்து ரெக்சியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் எனக்காகப் பேசுவாள் என்று நினைத்தேன். ஒன்பது நாள் கழித்து முதல்முறையாக முழு வாக்கியம் பேசினாள்.

"யக்கா, அந்த நோட்டுல தெனமும் காஞ்சுதுன்னு போடுதியே. ஒரு நாளாவது காஞ்சுருக்கா?"

"நான் போடலன்னா வேற ஒருத்தி போடுவா."

"அப்ப அவள நான் கேப்பேன். இப்ப ஒன்னயத்தான கேக்க முடியும்?"

நவம்பர் 21, வெள்ளி

இந்த டைரியின் முந்தைய பக்கங்களைத் திருப்பிப் படித்தேன். ஒன்பதாம் தேதி எழுதியிருப்பது பொய். கொஞ்சம் காய்ச்சல் இல்லை, உடம்பு கொதித்தது. ரெக்சி காலைத் தூக்கிக் காட்டினாள். சிவந்திருந்ததைப் பார்த்தேன். "முடியாதுக்கா, நாளைக்கு லீவு சொல்லு" என்றாள். "ஒந்தங்கச்சிக்கு மட்டும் சலுகையான்னு கேப்பாவ. ஒரே ஒரு நாள் பல்லக் கடிச்சுக்கோ" என்று சொன்னது நான். மறுநாள் பூட்ஸை அவள் காலில் பிடித்து ஏற்றிவிட்டதும் நான்தான்.

இதை எழுதாமல் மெடிக்கல்காரனையும் மழையையும் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நவம்பர் 23, ஞாயிறு

பூசை முடிந்து பெர்பெத்தக்கா வீட்டுக்குப் போனேன். உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலிலேயே நின்று, "நாளைக்கு லிஸ்டுல இருக்க எல்லாரும் வேலைக்கு வாங்க. சாரு ஏசுனா என்னைய ஏசட்டும்" என்றேன்.

"இதுல என்ன சூது வச்சிருக்க?"

"சூது ஒண்ணும் இல்லக்கா."

கதவைச் சாத்திவிட்டார்.

நவம்பர் 24, திங்கள்

பதினோரு பேரும் வந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் ஞானதுரை சார் பல்லைக் கடித்தார். ஆடிட்டுக்கு வந்தவர்கள் பக்கத்திலேயே நின்றதால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

வந்தவர்களில் ஒரு அம்மாள், கண்ணாடி போட்டவர், சென்னைப் பேச்சு. ஐஸ், கத்தி, தண்ணீர் எல்லாம் பார்த்தார். பூட்ஸ் நோட்டைப் புரட்டினார். "ரொம்ப ஒழுங்கா இருக்கே. யார் மெயின்டெய்ன் பண்றது?"

"நம்ம டெல்பின்தான் மேடம். பதினோரு வருஷ சர்வீஸ்" என்று சார் என்னை முன்னால் தள்ளினார்.

"அந்த நோட்டுல இருக்கது பொய்ம்மா" என்றேன். "நான்தான் எழுதுனேன். ஒரு நாளும் காயல. காயவைக்க எடமும் இல்ல, நேரமும் இல்ல. ரெண்டு ஷிப்டுக்கும் ஒரே பூட்ஸு. இன்னும் அரை மணி நேரத்துல ஷிப்டு மாறும். நின்னு பாத்துட்டுப் போங்க."

சார், "அவ தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்ல மேடம், அந்த டென்ஷன்" என்றார்.

"ஆமா, என் தங்கச்சி கால்தான்" என்றேன். நான் போட்ட சத்தத்தில் உரிக்கிற மேசைகள் எல்லாம் நின்றுவிட்டன.

அந்த அம்மாள் நின்று பார்த்தார். நாங்கள் கழற்றியதும் மாலை ஷிப்ட் பெண்கள் அதையே எடுத்துக் கவிழ்த்தார்கள். தண்ணீர் கொட்டியது. மாட்டிக்கொண்டார்கள். அவர் நாலு பக்கம் எழுதிக்கொண்டு போனார்.

ஒருத்தியும் எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லவும் என்ன இருக்கிறது?

நவம்பர் 26, புதன்

என்னைச் சூப்பர்வைசர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். காரணம், பதிவேட்டில் தவறான தகவல் எழுதியது. எழுதச் சொன்னவருக்கு ஒன்றுமில்லை. என் லைனிலேயே இருந்த ஜெனிட்டா என்ற சின்னப் பெண்தான் இப்போது சூப்பர்வைசர். எனக்கு உரிக்கும் மேசையில் பெர்பெத்தக்காவுக்குப் பக்கத்து இடம். விரல் வேகம் போய்விட்டது. அவர் மூன்று கிலோ முடிக்கும்போது நான் ஒன்றரை.

டிசம்பர் 5, வெள்ளி

புது பூட்ஸ் வந்தது. ஆளுக்கு இரண்டு ஜோடி, நம்பர் போட்டு. பழைய ஸ்டோரைக் காலி செய்து கம்பிகள் அடித்து, பூட்ஸைக் கவிழ்த்து மாட்டி, நான்கு பெரிய ஃபேன் வைத்திருக்கிறார்கள். இதைச் சரிசெய்யாவிட்டால் சரக்கு எடுக்கமாட்டோம் என்று ஆடிட்டுக்கு வந்த கம்பெனியிலிருந்து கடிதம் வந்ததாம். ஞானதுரை சார் ரிப்பன் வெட்டி, பூட்ஸுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். 'ஊழியர் நலனே எங்கள் நலன்' என்று பேனர். கை தட்டச் சொன்னார்கள். நான் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

டாக்டர் பர்வீனிடம் பதினான்கு பேர் போனோம். வேனில் யாரும் என்னோடு பேசவில்லை, ஆனால் இடம் விட்டார்கள். ரெக்சி கால் ஆறிவிட்டது. என் நகத்துக்கு மாத்திரை ஆரம்பம்.

டிசம்பர் 15, திங்கள்

இன்று ரெக்சி வேலைக்குத் திரும்பினாள். என்னோடு வரவில்லை, முந்திய பஸ்ஸில் போய்விட்டாள்.

ஞாயிறு முழுக்க மழை, கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் குளிர்பதன அறைக்கு மட்டும்தான் ஓடியிருக்கிறது. ஃபேன் ஓடாததால், சனிக்கிழமை கழுவி மாட்டிய இரண்டு ஜோடியும் காயவில்லை. கன்டெய்னர் வாசலில் நிற்கிறது. ஜெனிட்டா பாவம், விழித்துக்கொண்டு நின்றாள். "லேசாத்தான ஈரம், இன்னைக்கு ஒரு நாள் மாட்டிக்கோங்கக்கா" என்றாள்.

பெர்பெத்தக்கா தன் பூட்ஸுக்குள் கையை விட்டுப் பார்த்தார். "ஈரம்" என்றார். பூட்ஸைக் கீழே வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அடுத்து உட்கார்ந்தது ரெக்சி. பிறகு ஒவ்வொருத்தியாக. நான் எட்டாவது. முதலாவது இல்லை என்பதை எழுதிவைக்கிறேன்.

ஞானதுரை சார் ஓடி வந்தார். "யாரு ஆரம்பிச்சது? டெல்பின், நீதான?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெர்பெத்தக்கா, "அவ என்ன சூப்பர்வைசரா, அவள ஏன் கேக்கிய?" என்றார். "ஃபேனப் போடுங்க. காஞ்சதும் வாரோம்."

"சரக்கு கெட்டா யாரு பொறுப்பு?"

"ஐஸ அள்ளிப் போடச் சொல்லுங்க சார்" என்றாள் ரெக்சி. "ஒங்களுக்குத் தெரியாததா?"

அவர் கத்தினார். வேலையை விட்டு எடுத்துவிடுவேன் என்றார். பதினெட்டு ஜோடி வெறுங்கால்கள் பெஞ்சுக்குக் கீழே வரிசையாக இருந்தன, புண் ஆறியதும் ஆறாததும். யாரும் காலை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுத்தார்கள். ஃபேன் சுற்றியது.

முக்கால் மணி நேரம். அவ்வளவுதான் ஆனது. இறால் ஐஸில் கிடந்தது. ஒன்றுகூடக் கெடவில்லை, கன்டெய்னரும் நேரத்துக்குப் போய்விட்டது. இந்த முக்கால் மணி நேரத்தைப் பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் கேட்கவில்லையே என்று நினைக்க நினைக்க ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.